மின்னூலகத்தில் யாருடைய சரித்திரம்?

தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களை லிப்பி என்னும் செயலி வழியாகக் கைப்பேசியிலேயே இரவல் பெறும் வசதி வந்த பிறகு, எதைப் படிக்கலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் நாவல்களைச் சொல்வதில்லை. சுயசரிதங்களையும் வாழ்க்கை வரலாறுகளையுமே சொல்கிறேன். பொங்கோலில் ரயிலேறி லிட்டில் இந்தியாவில் இறங்குவதற்குள் ஓர் அத்தியாயத்தை முடித்துக்கொண்டு, மறுநாள் அடுத்ததைத் தொடங்கினாலும், ஒருவர் வாழ்க்கையின் தொடர்ச்சி அறுந்து போவதில்லை. தவணை முடிந்ததும் நூல் தானாகவே திரும்பிவிடுவதால், தாமதக் கட்டணம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. உடலே இல்லாத ஒரு புத்தகத்துக்கும் வரிசையில் காத்திருக்க வேண்டும் என்பது மட்டும் சற்று வேடிக்கையான விஷயம். ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்று பதிப்பகத்தார் விதிக்கும் உரிம நிபந்தனையே அதற்குக் காரணமன்றி, நூலகத்தார்மீது குற்றமில்லை.

முதலில் நான் சொல்லும் நூல் பலருக்கு வியப்பளிக்கும். முன்ஷி அப்துல்லா மலாய் மொழியில் எழுதி, 1849ஆம் ஆண்டில் இதே சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்த ‘ஹிகாயத் அப்துல்லா’வே அது. அந்தப் பழம் பதிப்பின் பக்கங்களை நூலக வாரியம் மின்வடிவில் பார்வைக்கு வைத்திருக்கிறது. மலாய் அறியாதவர்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. ஏமனிலிருந்து வந்த அப்துல்லாவின் முப்பாட்டனார் நாகூரில் தங்கித் திருமணம் செய்துகொண்டவர்; அவருடைய சந்ததியினர் மலாக்காவுக்குக் குடியேற, அங்கே 1796இல் அப்துல்லா பிறந்தார். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் கற்பது அன்றைய மலாக்காவின் வழக்கம் என்றும், அவ்வாறே தாமும் கற்றதாகவும் அவர் எழுதுகிறார். ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்து அவரை அருகிலிருந்து கவனித்த அப்துல்லா, புகழ்வதில் தாராளம் காட்டினாலும், கண்ணை மூடிக்கொண்டு எழுதியவர் அல்லர். புதிதாகப் பிறந்த இந்த நகரத்தில் எலிகளின் உபத்திரவம் பொறுக்க முடியாமற் போகவே, எலியைக் கொன்று கொண்டு வருவோருக்குச் சன்மானம் என்று அப்போது நகரை நிர்வகித்த ஃபார்குவார் அறிவித்த கதையை அவர் சொல்லும் இடத்தில், அரசாங்கச் சரித்திரங்கள் எவற்றிலும் காணக் கிடைக்காத சிங்கப்பூர் ஒன்று நம் கண்முன் நடமாடுகிறது. நாகூர் வேர் கொண்ட ஒருவர் இந்நகரத்தின் பிறப்பை நேரிற் கண்டு எழுதிய இந்த நூலைத் தமிழர்கள் மலாய் இலக்கியம் என்று ஒதுக்கி வைத்திருப்பது நமக்கே நஷ்டம்.

அடுத்தது, டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940இல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவரத் தொடங்கி, 1942 ஏப்ரலில் ஆசிரியர் காலமானபோது முற்றுப்பெறாமல் நின்றுபோய், 1950இல் நூலுருப்பெற்ற இச்சரிதம், வாரப் பத்திரிகைக்காக எழுதப்பட்டதாலேயே சிறு சிறு அத்தியாயங்களாக அமைந்து, ரயிற்பயண வாசகருக்கென்றே திட்டமிட்டது போன்ற தோற்றம் தருகிறது. ஆசிரியர் மறைந்து இந்தியாவில் 60 ஆண்டுகளும் சிங்கப்பூரில் 70 ஆண்டுகளும் கடந்தால் காப்புரிமை காலாவதியாகும் என்பது சட்டமாகையால், இந்நூலுக்கு இரு நாட்டிலும் உரிமைத் தடை கிடையாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டுப் பிரபந்தங்களிலும் புராணங்களிலும் ஊறித் திளைத்த இளைஞர், 1880இல் கும்பகோணத்தில் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்து, இவற்றையெல்லாம் படித்ததனால் என்ன பிரயோஜனம் என்ற பொருளில் அவர் கேட்ட கேள்வியால் திகைத்துப்போகும் பகுதியை வாசிக்காத தமிழ் மாணவன் எவனும் இருத்தலாகாது என்பது என் கருத்து. அந்தக் கேள்வியின் பலனாகச் சீவக சிந்தாமணி 1887இல் அச்சேறியது. அதே ஆண்டில்தான் இங்கே சிங்கப்பூரில் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அப்பத்திரிகையின் இதழ்களை நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் இன்றும் புரட்டிப் பார்க்கலாம். சாமிநாதையரின் அத்தியாயங்களோடு சேர்த்து அவற்றைப் படிப்பவர், கடலின் இரு கரைகளிலும் தமிழ் அச்செழுத்து ஒரே காலத்தில் எவ்வாறு பாடுபட்டது என்பதை உணர்வார்.

திரு. வி. க.வின் ‘வாழ்க்கைக் குறிப்பு’களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தொழிற்சங்க இயக்கத்தில் பற்றுள்ளவர் எவரும் அதைத் தேடிப் பிடித்துக்கொள்வார். நம் நாட்டு ஆறாவது அதிபர் எஸ். ஆர். நாதன் 2011இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சுயசரிதத்தை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். சிறு வயதில் தந்தையை இழந்து, வீட்டை விட்டு ஓடிப்போய், ஜப்பானியர் ஆட்சியில் மொழிபெயர்ப்பாளராகப் பிழைத்து, பின்னர் கடலோடிகளின் நலனுக்காக உழைத்த ஒருவர், 1974இல் லாஜு படகுக் கடத்தல்காரர்களோடு பிணையாகக் குவைத்துக்கு விமானமேறிய சம்பவம் வரை சொல்லிச் செல்கையில், பதவிகளின் பட்டியலாக முடிந்திருக்கக்கூடிய ஒரு புத்தகம் மனித வாழ்க்கையாகவே நிற்கிறது.

இங்கேதான் என் ஆதங்கம் தொடங்குகிறது. சிங்கப்பூர்த் தமிழரின் வாழ்க்கையைத் தமிழிலேயே சொல்லும் நூல்கள் சில உண்டாயினும், மின்னூலகத்தில் ஒரு வாசகர் அடுத்தடுத்து எடுத்துப் படிக்குமளவுக்கு அவை பெருகவில்லை. 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களில் ஏறத்தாழ 350ஐ மின்வடிவாக்கித் தேசியப் பொன்விழா ஆண்டில் நூலக வாரியத்திடம் ஒப்படைத்த தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தார், அதன்பின் நாடகத்தையும் நடனத்தையும் இசையையும் அதேபோல் தொகுத்தார்கள். தொண்டர்கள் சேர்ந்து செய்த அந்த அரும்பணிக்கு அடுத்த படியாக வாழ்க்கை வரலாறுகளை ஏன் எடுத்துக்கொள்ளக்கூடாது?

மூலப்பொருள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பணியில், பிரமுகர்கள் மட்டுமன்றிச் சாமானியர்களும் தங்கள் வாழ்க்கையைத் தம் சொந்தக் குரலில், பலர் தமிழிலேயே, மணிக்கணக்காகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆயினும் ஒலிப்பதிவைத் தேடிச் செல்பவன் ஆராய்ச்சியாளன். நூலைத் தேடி வருபவனே வாசகன். வங்காளதேசத் தொழிலாளர் சரீப் உத்தின் இங்கே கட்டுமானத் தொழிலிலிருந்தபடி எழுதிய நாட்குறிப்பு, மொழிபெயர்ப்பில் நூலாகி 2018இல் சிங்கப்பூர்ப் புத்தக விருது பெற்றதைப் பார்த்த பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் கூடியிருக்கும் புதுக்கோட்டை, தஞ்சாவூர் இளைஞர்களிடம் எழுதத்தக்க சரித்திரம் எதுவுமில்லை என்று நாம் எண்ணுவோமானால், அது அவர்கள் குறையன்று.

நான் கேட்பது மிகச் சிறிய ஏற்பாடு. மின்மரபுடைமைத் திட்டத்தார் ஆண்டுக்குப் பத்து ஒலிப்பதிவுகளைத் தேர்ந்து, சொன்னவரின் பேச்சு நடையைச் சிதைக்காமல் எழுத்தாக்கி, குறிப்புகள் சேர்த்து, காத்திருப்பு வரிசையில்லாத மின்னூல்களாக நூலகச் செயலியில் ஏற்றட்டும். சொன்னவர்களோ அவர்கள் பிள்ளைகளோ இன்னும் இங்கிருக்கையில்தான் சம்மதம் பெறவும் ஐயம் தீர்த்துக்கொள்ளவும் முடியும் என்பதால், பதிவுகளில் மிகப் பழையவற்றிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும்.