ஓய்வுக்குப் பிறகுதான் இறைப்பணியா?

எங்கள் பங்கில் யாராவது அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றால், ஞாயிறு பூசை முடிந்ததும் சால்வை போர்த்தி நாலு வார்த்தை பேசுவது வழக்கம். அந்தப் பேச்சில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும். "இத்தனை வருஷம் குடும்பத்துக்காக உழைத்தார், இனி முழு நேரமும் ஆண்டவருக்காக உழைப்பார்." எல்லோரும் கை தட்டுவார்கள். அடுத்த மாதமே அவர் பங்குப் பேரவையிலோ வின்சென்ட் தே பவுல் சபையிலோ உறுப்பினராகிவிடுவார்.

நல்ல மனதோடு சொல்வதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அப்படியானால் முடிந்துபோன அந்த 35, 40 வருஷம் யாருடையது? ஞாயிறு ஒரு மணி நேரம் ஆண்டவருக்கு, மீதி ஆறு நாள் அரசாங்கத்துக்கும் வயிற்றுக்கும் என்று பாகம் பிரித்துவிட்டால், ஒரு மனிதனுடைய வாழ்க்கையில் முக்கால் பங்கு கடவுளுக்குச் சம்பந்தமில்லாமல் போய்விடுகிறது. இந்தக் கணக்கு தவறு என்பது என் கருத்து. புதுச்சேரி அரசில் 37 வருஷம் எழுத்தராகக் காலம் தள்ளியவன் என்கிற முறையில் இதைச் சொல்கிறேன்.

வேலை என்பது ஆதாமின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். தொடக்க நூலைத் திறந்து பாருங்கள். தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் பொறுப்பு இரண்டாம் அதிகாரத்திலேயே அவனுக்குக் கொடுக்கப்படுகிறது. அப்போது பாம்பு இன்னும் வரவில்லை. மூன்றாம் அதிகாரத்தில் வந்து சேர்ந்தது வியர்வையும் முள்ளும்தான். நாசரேத்தூர்க்காரர்கள் நம் ஆண்டவரைத் தச்சர் என்றுதான் அடையாளம் சொன்னதாக மாற்கு எழுதியிருக்கிறார். சின்னப்பர் கொரிந்து நகரில் கூடாரம் செய்து பிழைத்தார். 1955இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் மே மாதம் 1ஆம் தேதியைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார்.

பூசையில் காணிக்கை நேரத்தையும் கவனியுங்கள். பீடத்தில் வைப்பது கோதுமை மணியை அல்ல, அப்பத்தை. திராட்சைக் குலையை அல்ல, இரசத்தை. உழுதவன், அரைத்தவன், பிசைந்தவன், சுட்டவன், பிழிந்தவன் எல்லோருடைய வேலையும் சேர்ந்த பிறகுதான் அது பீடத்துக்கு வருகிறது. வேலை அங்கே வாசலோடு நின்றுவிடவில்லை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் வேலைக்கு இரண்டு சொல் உண்டு. ஒன்று 'த்ரவாய்'. மூன்று கழிகளை நட்டு ஆளைக் கட்டி வதைக்கும் கருவிக்கு இருந்த லத்தீன் பெயரிலிருந்து அது வந்தது என்று அகராதிக்காரர்கள் சொல்வார்கள். மற்றொன்று 'மெத்தியே'. ஊழியம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஒரே நாற்காலியில் ஒரே கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அது வதையா, ஊழியமா என்பதுதான் கேள்வி. தமிழ் இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பணி என்றால் வேலை. பணிதல் என்றால் வணங்குதல். அரசு ஊழியர் என்கிறோம், தேவ ஊழியம் என்கிறோம். சொல் ஒன்றுதான்.

"அதெல்லாம் சரி சார், பிடித்த வேலை கிடைத்தவனுக்குத்தானே சந்தோஷம்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சகோதரர் லொரானைக் காட்டுவேன். 17ஆம் நூற்றாண்டில் லொரேன் நாட்டில் பிறந்து, படைவீரராக இருந்து காயம் பட்டு, பிறகு பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சாதாரண சகோதரராகச் சேர்ந்தவர். மடத்தில் அவரைச் சமையல்கட்டில் போட்டார்கள். சமையல் அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. காலும் ஊனம். அந்தக் காலோடு பர்கண்டிக்குப் போய்த் திராட்சை ரசம் வாங்கி வரச் சொன்னார்கள். வியாபாரமும் அவருக்கு வராது. ஆனாலும் வாணலியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதைக்கூடக் கடவுள் மேல் வைத்த அன்புக்காகச் செய்தார். ஜெப நேரமும் வேலை நேரமும் அவருக்கு வேறு வேறாக இல்லை. 1691இல் அவர் இறந்த பிறகு அவருடைய உரையாடல்களையும் கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டார்கள். இன்றும் உலகமெங்கும் படிக்கிறார்கள். அவருக்குக் கடைசிவரை பெரிய பதவி எதுவும் வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அலுவலகத்தில் இது எப்படி நடக்கும்? எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் சில காலம் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் இருந்த பிரிவில் வேலை பார்த்தேன். 1962 ஆகஸ்டு 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் பிரெஞ்சுக் காலப் பதிவுகளின் நகல் கேட்டு மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சிலருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை விவகாரம். சிலர் சொல்தாக்களின் விதவைகள். புருஷனுடைய பென்ஷனுக்கு எழுதிப் போட வேண்டும். எங்கள் ஊர்ப் பெயர்களை அந்தக் காலத்தில் பிரெஞ்சு உச்சரிப்புப்படி எழுதியிருப்பார்கள். சுப்பிரமணியனின் 'சு'வில் வரும் உகரத்துக்கு பிரெஞ்சில் ஓ, யு என்று இரண்டு எழுத்து. ஆங்கிலத்தில் யு மட்டும் போதும். ஒரு எழுத்து மாறினால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். இறந்தவர் வேறு, உன் புருஷன் வேறு என்று கடிதம் வந்துவிடும்.

எங்கள் தலைமை எழுத்தர் ஒவ்வொரு நகலையும் மூலத்தோடு வைத்து இரண்டு முறை படித்த பிறகுதான் முத்திரை போட அனுப்புவார். மணி ஆறானாலும் அப்படித்தான். ஒருநாள், இவ்வளவு எதற்கு சார் என்று கேட்டேன். "தம்பி, நமக்கு இது இருநூறில் ஒண்ணு. அந்த அம்மாவுக்கு இது ஒண்ணுதான்" என்றார். அவர் கிறிஸ்தவர் இல்லை. காலையில் மணக்குள விநாயகரைக் கும்பிட்டுவிட்டு அலுவலகம் வருகிறவர். இருந்தாலும் வேலையைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் அதைவிடச் சிறந்ததை எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

நான் கண்டது இதுதான். வேலையில் மகிழ்ச்சி வேலையின் தன்மையில் இல்லை. பெயரைப் பார்த்து எழுதுவதில் என்ன சுவாரசியம் இருக்கிறது? காகிதத்தின் அந்தப் பக்கம் இருக்கிற ஆள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் காகிதத்துக்கு உயிர் வந்துவிடுகிறது. மிகச் சிறிய சகோதரருக்குச் செய்தது தமக்கே செய்ததாகும் என்று ஆண்டவர் சொன்னபோது, அலுவலக நேரத்துக்கு விதிவிலக்கு எதுவும் கொடுக்கவில்லை.

இதற்கு இரண்டு எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோப்பை நகர்த்தக் கை நீட்டுகிறவன் தன் வேலையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்க முடியாது. அந்தப் பணத்தில் மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றினாலும் கணக்கு நேராகாது. அதேபோல, வேலையே ஜெபம் என்று சொல்லிக் குறைந்த சம்பளம் கொடுக்கிற முதலாளியும் தப்ப முடியாது. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாகப்பர் தம் நிருபத்தில் எழுதியிருக்கிறார். நியாயமான கூலியைப் பற்றி 13ஆம் சிங்கராயர் 1891லேயே சுற்றுமடல் எழுதிவிட்டார். ஒப்புக்கொடுக்க வேண்டியவன் உழைக்கிறவன். அதைக் காட்டி அவன் கூலியைக் குறைக்கிற உரிமை இன்னொருவனுக்கு இல்லை.

பங்குச் சாமியார்களுக்கு ஒரு விண்ணப்பம். விசுவாசிகள் மன்றாட்டில் வேலை இல்லாதவர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வாரந்தோறும் ஜெபிக்கிறோம். நல்லது. வேலை கிடைத்த பிறகு அவனை மறந்துவிடுகிறோம். ஒரு வாரம் பஸ் கண்டக்டருக்காக, ஒரு வாரம் இரவு வேலை பார்க்கும் நர்ஸுக்காக, ஒரு வாரம் நகராட்சித் துப்புரவுப் பணியாளருக்காக, அவர்கள் நாளைக் காலை செய்யப்போகும் வேலையைச் சொல்லியே மன்றாடக் கூடாதா?

சால்வை போர்த்துகிறவர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை, "இனி ஆண்டவருக்காக உழைப்பார்" என்று சொல்ல வேண்டாம். "இதுவரை உழைத்தது போலவே" என்று மூன்று வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே உட்கார்ந்திருக்கிற இளைஞன் மறுநாள் திங்கட்கிழமை என்று நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பான். அவன் காதில் அது விழட்டும்.