மாற்றம் காணாத கார் எங்கே இருக்கிறது?

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, விண்டேஜ் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவுமுறை ஒன்றை ஏற்படுத்தியது. முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் அதன்கீழ் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவெண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டிச் செல்லலாம்; அன்றாடப் பயணத்துக்குக் கூடாது. பழைய வாகனங்களுக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது என்ற அளவில் இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதன் வரையறையில் உள்ள ஒரு நிபந்தனை தொழில்நுட்ப வரலாற்றை ஆராய்வோரிடம் பெறவேண்டிய கவனத்தைப் பெறவில்லை. வாகனம் அதன் மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும். சட்டகம் அல்லது உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றை மாற்றுதல் உள்ளிட்ட பெருஞ்சீரமைப்பு எதற்கும் உட்பட்டிருக்கக் கூடாது என்பதே அந்நிபந்தனை.

இதைச் சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டால், அரை நூற்றாண்டு இந்தியச் சாலைகளில் ஓடிய கார் எதுவும் தேறாது. வீட்டு ஷெட்டில் பழைய அம்பாசிடர் ஒன்றைப் பிரித்துப் போட்டு, விடுமுறை நாள்களில் மட்டும் வேலை பார்த்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக மீட்டெடுத்து வருவோருக்கு இது நன்கு தெரியும். அம்பாசிடருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடற்கூடே வண்டியின் எலும்பு. காலடித் தகரத்தின் விரிப்பைத் தூக்கினால் பெரும்பாலும் துருப்பிடித்த ஓட்டைகளும், அவற்றின்மேல் முன்பு யாரோ பற்றவைத்த ஒட்டுத் தகரங்களும் தென்படும். அந்தத் துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் இணைக்காமல் வண்டியை ஓட்ட முடியாது. இணைத்தாலோ, அது உடற்கூட்டில் செய்த மாற்றமாகிவிடுகிறது.

எஞ்சின் கதை இன்னும் தெளிவானது. சிலிண்டர் தேய்ந்தபோது அதைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்துவது அக்காலத்தின் இயல்பான வழக்கம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த அம்பாசிடரின் 1,489 சி.சி. எஞ்சினுக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு, நாற்பது பங்கு எனப் படிப்படியாகப் பெரிதான பிஸ்டன்கள் விற்கப்பட்டன. கடைசி அளவையும் தாண்டித் தேய்ந்தால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் இறக்குவார்கள். பெருஞ்சீரமைப்பை எதிர்பார்த்தே அந்த எஞ்சின் வடிவமைக்கப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? வடிவமைத்தவர்களே எதிர்பார்த்த ஒன்றை விதி களங்கமாகக் கருதுகிறது.

மூல வடிவம் என்ற கருத்து, கார் ஆலையை விட்டு வெளியேறிய நாளை மட்டுமே வரலாறாகக் கொள்கிறது. இந்தியாவில் காரின் வரலாறு அந்த நாளுக்குப் பின்னர்தான் தொடங்குகிறது. உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வாங்குவதற்கே ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பொருளை எவரும் எளிதில் கைவிடவில்லை. இறக்குமதி உதிரிபாகம் கிடைக்காதபோது லேத் பட்டறையில் கடைந்தார்கள். ரப்பர் பீடிங் கிடைக்காதபோது வேறொரு வண்டியுடையதை வெட்டிப் பொருத்தினார்கள். பெட்ரோல் விலை ஏறிய பின் எத்தனையோ அம்பாசிடர்களின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். இன்று அத்தகைய வண்டியை மீட்டெடுப்பவர் முன் நிற்கும் கேள்வி எளிதானதன்று. டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பெட்ரோல் எஞ்சினைத் தேடிப் பொருத்தினால் வண்டி மூல வடிவுக்கு நெருங்கும். ஆனால் ஒரு குடும்பமோ ஒரு வாடகைக்கார் ஓட்டுநரோ விலையேற்றத்தை எப்படிச் சமாளித்தார் என்பதற்கான பருப்பொருள் சான்று அத்துடன் அழியும்.

டேவிட் எட்ஜர்ட்டன் 2006-இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' நூலுக்குப் பின், புத்தாக்கத்தைக் காட்டிலும் பயன்பாடும் பராமரிப்புமே தொழில்நுட்ப வரலாற்றின் பெரும்பகுதி என்பது ஆய்வுலகில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. டேவிட் ஆர்னால்டு தையல் இயந்திரம், மிதிவண்டி, தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றைக் கொண்டு இந்தியச் சூழலில் அதைக் காட்டினார். காருக்கு அத்தகைய கவனம் கிடைத்தது குறைவு. மன்னர்களின் ரோல்ஸ் ராய்ஸ்கள் பற்றிப் படநூல்கள் உண்டு. குர்லாவில் உருவான ஃபியட் 1100 எப்படிப் பழுதுபார்க்கப்பட்டது என்பதைக் காஷ்மீரி கேட்டிலும் மல்லிக் பஜாரிலும் புதுப்பேட்டையிலும் உள்ள மூத்த மெக்கானிக்குகளின் நினைவில்தான் தேடவேண்டியிருக்கிறது. வீட்டில் கார் மீட்டெடுப்போர் எழுதிவைக்கும் குறிப்பேடுகள், பிரிக்கும்போது எடுத்த படங்கள், எந்த வண்ணத்தின்கீழ் எந்த வண்ணம் இருந்தது என்ற பட்டியல், கடைந்து வாங்கிய பாகங்களின் ரசீதுகள் ஆகியவை உண்மையில் ஓர் ஆவணக் காப்பகம். அதை எந்தப் பல்கலைக்கழகமும் கேட்டு வாங்கிச் சேமிப்பதாகத் தெரியவில்லை.

பூரியில் தேர்கள் ஆண்டுதோறும் புது மரத்தில் செய்யப்படுகின்றன. அதனால் அத்தேர்த் திருவிழா பழமையற்றது என்று எவரும் சொல்வதில்லை. செய்முறையின் தொடர்ச்சியைப் பழமையாக மதிக்கத் தெரிந்த நாட்டில், காருக்கு மட்டும் தகரத்தின் தொடர்ச்சி கேட்கப்படுவது விந்தைதான்.

வயது பற்றிய சிக்கல் தனி. தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டும் இறுக்கப்பட்டும் வந்தாலும், 15-க்கும் 50-க்கும் இடையிலான 35 ஆண்டுகளில் ஒரு காரைப் பேணுவோருக்குச் சட்டத்தில் உறுதியான இடமில்லை. 50 வயதை எட்டும் ஒவ்வொரு காரும் அந்த 35 ஆண்டுகளையும் கடந்தே வந்தாக வேண்டும். காற்று மாசு பற்றிய வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. கார்புரேட்டர் எஞ்சின் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் அதிகப் புகை கக்கும் என்பது மெய். அதற்குத் தீர்வு ஓட்டத்தை வரம்பிடுவது. விண்டேஜ் விதியே அதைத்தான் செய்கிறது. ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வரம்போடு 30 வயது வண்டிக்கும் அதை நீட்டிப்பதில் நடைமுறைத் தடை எதுவும் இல்லை.

விதியில் திருத்தமும் பெரிதாகத் தேவையில்லை. 'சீரமைப்புக்கு உட்படாத' என்ற சொற்களுக்கு மாற்றாக, செய்த சீரமைப்புகளைப் பதிவேட்டில் அறிவிக்க வேண்டும் என்று எழுதினால் போதும். எந்த ஆண்டில் எந்தப் பட்டறையில் சிலிண்டர் கடையப்பட்டது, எப்போது எஞ்சின் மாறியது, எந்தத் தகரம் புதிது என்பன பதிவுச் சான்றிதழோடு சேரும். 'பத்மினி' என்ற பெயர் 1974-இல் வந்தது. அப்பெயர் தாங்கிய முதல் வண்டிகள் 50-ஐக் கடந்துவிட்டன. 1985-இல் பதிவானவை 2035 வரை காத்திருக்க வேண்டும். அவற்றுள் பல இப்போது எங்கெங்கோ ஷெட்டுகளில், கதவுகள் கழற்றப்பட்டு, செங்கல்மேல் நிற்கின்றன.