டெங்குன்னு மட்டும் சொன்னா போதாது, எந்த வகைன்னு சொல்லுங்க

1/ மழை ஆரம்பிச்சா ஆரணியில தெருவுக்குத் தெரு காய்ச்சல். கையில லேப் ரிப்போர்ட்: "டெங்கு பாசிட்டிவ்". அவ்வளவுதான். டெங்குல நாலு வகை இருக்கே, இது எது? கேட்டா பதில் இல்ல. இது ஏன் தப்புன்னு ஒரு இழை.

2/ "வகை தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, நாலுக்கும் ஒரே வைத்தியம்தானே?" சக டாக்டர்களே கேக்குறாங்க. கட்டில்ல படுத்திருக்கிறவருக்கு அது சரி. நீர்ச்சத்து, பாராசிட்டமால், கண்காணிப்பு. ஆனா ஊருக்கு அது சரியில்ல.

3/ ஒரு வகை வந்துபோனா அந்த வகைக்கு ஆயுசுக்கும் எதிர்ப்பு உண்டு. மத்த மூணுக்கும் சில மாசம்தான். அப்புறம் வேற வகை வந்தா, பழைய ஆன்டிபாடியே வைரஸைச் செல்லுக்குள்ள கூட்டிட்டுப் போகலாம். ரெண்டாவது டெங்குல ரத்தக்கசிவு, ஷாக் ஆபத்து கூடுறது இதனாலதான். ஊர்ல வகை மாறுனா அது எச்சரிக்கை மணி. நமக்கு அந்த மணி கேக்குறதே இல்ல.

4/ வசதி இல்லன்னு சொல்லாதீங்க. இங்கிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளி வேலூர்ல, 1968 பரவல்ல நாலு வகையையும் பிரிச்சு எடுத்தாங்க. நோயாளிகள்கிட்டருந்தும், கொசுகிட்டருந்தும். பி.சி.ஆர். பிறக்காத காலம் அது.

5/ அப்புறம் கொசு செல் வந்தது. 1967-ல புனேயில கே.ஆர்.பி. சிங் ஏடிஸ் அல்போபிக்டஸ் லார்வாவுல இருந்து செல் வளர்த்தார். அதிலிருந்து வந்த சி6/36 செல்லைத்தான் இன்னைக்கும் உலகம் பூரா லேப்ல வச்சிருக்காங்க. நோயாளி சீரத்தை அதுல விட்டு சில நாள் வளர்க்கணும். பிறகு ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியா ஒளிரும் ஆன்டிபாடி. எதுல செல் பச்சையா மின்னுதோ, அதுதான் வகை.

6/ 1992-ல பி.சி.ஆர். முறையும் வந்தாச்சு. ஜெல்லுல நாலு வகைக்கும் நாலு நீளம்: 482, 119, 290, 392. பட்டையைப் பார்த்தே சொல்லிடலாம். வாரக்கணக்குல ஆன வேலை ஒரு நாளுக்குள்ள முடியுது.

7/ ஆனா நம்ம ஊர்ல ஓடுறது கார்டு டெஸ்ட்தான். அது வகை சொல்லாது. அஞ்சாறு நாள் கழிச்சு வந்தா என்.எஸ்.1 நெகட்டிவாகவும் வரலாம். ரெண்டாவது டெங்குல இன்னும் சீக்கிரம் மறைஞ்சிடும். அதாவது ஆபத்து அதிகமான ஆளுக்கே "ஒண்ணும் இல்ல, போங்க".

8/ அந்த ஆள் யாரு? தறியை விட்டு எழுந்தா கூலி இல்லாதவர். காய்ச்சல் விட்டதும் திரும்பத் தறிக்குப் போறவர். டெங்குல காய்ச்சல் இறங்குற நேரம்தான் மோசமான நேரம். வயித்துவலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு, சோர்வு இருந்தா, ரிப்போர்ட் என்ன சொன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

9/ எல்லாருக்கும் வகை பாருங்கன்னு நான் கேக்கல. ஒவ்வொரு வாரமும் காய்ச்சல் வந்து அஞ்சு நாளுக்குள்ள இருக்கிற சிலரோட சாம்பிள், ஐஸ் பெட்டியில போகட்டும். முடிவு தாலுகா டாக்டர்கள் கைக்குத் திரும்பி வரட்டும். என் மேசைக்கு இதுவரை வந்ததில்ல.

10/ சேலை வாங்கும்போது ஜரிகை அசலா, நூல் கலப்பானு நாலு தடவை புரட்டிப் பார்க்குற ஊர் இது. உங்க ரத்தத்துக்கும் அதே கேள்வியைக் கேளுங்க: "டெங்கு சரி. எந்த வகை?"