மூன்றாவது இருக்கை

கான்கார்ட் இனி வானில் இல்லை. 1976 ஜனவரி 21 அன்று பயணிகளுடன் பறக்கத் தொடங்கிய அவ்விமானம், 2003 அக்டோபர் 24 அன்று தன் கடைசிப் பயணிகளை லண்டனில் இறக்கிவிட்டது. கட்டப்பட்டவை 20, எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை இன்று காட்சிப்பொருள்கள். அதைச் செலுத்திப் பார்க்க விரும்புவோர் பெரும்பாலோர்க்கு இன்று வாய்த்திருப்பது வீட்டுக் கணினியில் இயங்கும் ஃபிளைட் சிமுலேட்டர்தான்.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. அவர்களோடு வாதிடுவது நம் நோக்கமன்று. நமக்கு வழக்கு இருப்பது விளையாடுவோரிடம்தான்.

கான்கார்டைச் செலுத்த மூவர் வேண்டும். விமானிகள் இருவருக்கும் பின்னால், வலப்பக்கச் சுவரை நிறைக்கும் அளவுமானிகளுக்கு எதிரே விமானப் பொறியாளர் அமர்ந்திருப்பார். கணினித் தொகுப்புகள் சிலவற்றில் அவருடைய வேலையை மென்பொருளிடமே விட்டுவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். மாக் 2 தொட்டதும் ஒரு படம் எடுத்துக்கொண்டு நிறைவடைகிறார்கள். சொற்பிரிப்பும் உரையும் வேண்டாம், கருத்தை மட்டும் சொல்லிவிடுங்கள் என்று கேட்கும் மாணாக்கரைத்தான் இவர்கள் நினைவூட்டுகிறார்கள்.

அந்த மூன்றாமவர் செய்த வேலை என்ன? விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது, இறக்கையின் தூக்குவிசை மையம் ஏறத்தாழ 2 மீட்டர் பின்னுக்கு நகர்ந்துவிடும். மூக்கு கவிழப் பார்க்கும். பிற விமானங்களில் வாலிலுள்ள கிடைச்சிறகைக் கொண்டு இதைச் சரிக்கட்டலாம். கான்கார்டுக்கோ அப்படியொரு சிறகே கிடையாது. இறக்கையின் பின்விளிம்புத் தகடுகளை உயர்த்திப் பிடித்தால் காற்றுத்தடை மிகும், எரிபொருள் வீணாகும். ஆகவே விமானத்தின் எடையையே நகர்த்தினார்கள். சுமார் 20 டன் எரிபொருள் முன்தொட்டிகளிலிருந்து பின்தொட்டிகளுக்குப் பம்புகளால் இறைக்கப்பட்டது. வேகம் குறையும்போது அது மீண்டும் முன்னோக்கி வரவேண்டும். ஒவ்வொரு வேகத்துக்கும் எடை மையம் நிற்கவேண்டிய எல்லைகள் உண்டு. அவற்றைக் காட்டும் முட்களின்மேல் பொறியாளரின் கண் இருந்துகொண்டே இருக்கும். வேகமும் எடையும் இப்படி ஒன்றையொன்று துரத்துவதுதான் கான்கார்ட். கூர்மூக்கும் வெண்ணிற மேனியும் அதற்குப் பிறகுதான்.

இன்று கட்டப்படும் பயணிகள் விமானங்களில் அந்த இருக்கையே இல்லை. அதில் அமர்ந்து பணிசெய்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. கையேடுகளைக் காகிதத்தில் காத்துவிடலாம். எந்த முள்ளைப் பார்த்து எந்த விசையில் கைவைப்பது என்ற பழக்கம் செய்தால்தான் நிற்கும். இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் அருங்காட்சியகம் கான்கார்ட் விமானிகளின் பழைய பயிற்சிப் பொறியைச் சீரமைத்து வைத்திருக்கிறது. அங்குச் சென்று அமர எல்லோர்க்கும் இயலுமா? எனவே, கையேட்டை அடியொற்றிய ஒரு மென்பொருளை நாம் பொழுதுபோக்கு என்ற சொல்லுக்குள் அடக்கத் தயங்குகிறோம். அதன் கடினமான பகுதியை நிறுத்திவைத்துவிட்டுப் பறப்பவர், காப்பாற்றத்தக்கதையே கைவிட்டவராகிறார்.

திரையில் வராதவையும் உண்டு. 2000 ஜூலை 25 அன்று பாரிசை அடுத்த கோனெஸில் 113 உயிர்களைக் குடித்த விபத்தின் அச்சத்தை எந்த மென்பொருளும் தராது. தரவேண்டுமென்று நாம் கேட்கவுமில்லை. வெப்பமும் அப்படியே. மாக் 2இல் மூக்குமுனை 127 பாகை செல்சியஸ் வரை சூடேறும். உடல் 15 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அப்போது பொறியாளரின் பலகைக்கும் பக்கத்துச் சுவருக்கும் இடையில் கைநுழையும் இடைவெளி திறக்கும். இறுதிப் பயணங்களில் பொறியாளர்கள் சிலர் தம் தொப்பியை அதில் செருகிவைத்தார்கள். விமானம் குளிர்ந்ததும் இடைவெளி மூடிக்கொண்டது. தொப்பி உள்ளே சிக்கிக்கொண்டது. அவ்விமானம் மீண்டும் பறந்தாலொழிய அதை முழுதாக வெளியே எடுக்க வழியில்லை.

கணினியில் அந்த இடைவெளியை யாரும் தேடவேண்டியதில்லை. பம்புகளின் விசைகள் அங்கே இருக்கின்றன. அவற்றையாவது நம் கையாலேயே இயக்குவோம்.