பனிக்குள் ஒரு பாதை

தில்லியில் டிசம்பர், ஜனவரி வந்தாலே விமானப் பயணிகளுக்கு வயிற்றில் புளி கரைக்கும். விடியற்காலை மூடுபனி இந்திரா காந்தி விமான நிலையத்தின் ஓடுபாதைகளை விழுங்கிவிடும். அப்போது பைலட்டுக்குக் கண்ணாக இருப்பது ஐ.எல்.எஸ். எனப்படும் தரையிறங்கும் வழிகாட்டிக் கருவி.

தத்துவம் எளிமையானது. ஓடுபாதையின் மறுகோடிக்கு அப்பால் இருக்கும் 'லோக்கலைசர்' ஆன்டெனா இரண்டு ரேடியோ கற்றைகளை அனுப்புகிறது. இறங்கிவரும் விமானத்துக்கு இடப்புறம் 90 ஹெர்ட்ஸ் அதிர்வு ஓங்கியிருக்கும். வலப்புறம் 150 ஹெர்ட்ஸ். இரண்டும் சமமாக இருந்தால் விமானம் நடுக்கோட்டில் வருகிறது என்று அர்த்தம். சக்கரங்கள் தரை தொடும் இடத்துக்குப் பக்கவாட்டில் உள்ள 'கிளைடு ஸ்லோப்' ஆன்டெனா இதே வித்தையை மேலும் கீழுமாகச் செய்து, சுமார் 3 டிகிரி சரிவில் விமானத்தை அழைத்து வருகிறது.

உயரம் தவறினால் என்ன ஆகும்? 1973 மே 31 அன்று மெட்ராஸிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737, மோசமான வானிலையில் தில்லி பாலம் விமான நிலையத்தை நெருங்கியது. ஓடுபாதை கண்ணில் படாமலே அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கி, உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதியது. 65 பேரில் 48 பேர் பலி. மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம் அவர்களில் ஒருவர்.

முதல் வகை ஐ.எல்.எஸ். பொதுவாக 200 அடி உயரம் வரைதான் கைபிடித்து அழைத்து வரும். அங்கே ஓடுபாதையோ விளக்குகளோ தெரியாவிட்டால் மறுபடி மேலே எழும்ப வேண்டியதுதான். தில்லியில் உள்ள 'கேட் 3பி' வகையில், ஓடுபாதையில் 50 மீட்டர் தூரம் தெரிந்தாலே போதும், ஆட்டோபைலட்டே இறக்கிவிடும்.

ஆனால் தரையில் கருவி இருந்தால் மட்டும் ஆயிற்றா? விமானத்திலும் அதற்கேற்ற சாதனங்கள் வேண்டும்; பைலட்டுகள் தனிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் பனி சூழ்ந்தபோது பல விமானங்கள் தில்லியில் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. இந்தப் பயிற்சி இல்லாத பைலட்டுகளைப் பணிக்கு அனுப்பியதற்காக ஏர் இந்தியாவுக்கும் ஸ்பைஸ்ஜெட்டுக்கும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் தலா ரூ. 30 லட்சம் அபராதம் விதித்தது.

பயிற்சி இல்லாத பைலட் இறங்காமல் திரும்பியதில் தவறில்லை. 1973 தந்த பாடமே அதுதான். தவறு, பணிப்பட்டியல் தயாரித்த மேஜையில். பனி ஆண்டுதோறும் சொல்லிவைத்தாற்போல் வருகிறது. அதைத் தெரிந்துகொள்ள ரேடியோ கற்றை தேவையில்லை, நாட்காட்டியே போதும்.