வீராம்பட்டினத்து இலத்தீன்

எங்கள் பெரியப்பா சின்ன வயதில் வில்லியனூர் மாதா கோயிலில் பூசைக்கு உதவி செய்தவர். சாமியார் இலத்தீனில் ஒன்று சொன்னால் இவர் இலத்தீனிலேயே பதில் சொல்ல வேண்டும். எண்பது வயதிலும் அந்தப் பதில்களை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அர்த்தம் கேட்டால், “அதெல்லாம் சாமியாருக்குத்தான் தெரியும்” என்பார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு பூசை தமிழுக்கு வந்தது. வில்லியனூரில் காதில் விழுந்துகொண்டிருந்த இலத்தீனும் அதோடு போயிற்று.

எனக்கு ஒப்பிக்க ஆசையில்லை, பேச ஆசை. ஊரில் யாரிடம் போய்ப் பேசுவது? கைபேசியில் தேடினால் ஆள் கிடைக்கிறார்கள். டிஸ்கார்டிலும் ஜூமிலும், இலத்தீன் தவிர வேறெதுவும் பேசக்கூடாது என்று வைத்துக்கொண்டு கூடுகிறார்கள். ஐரோப்பாவில் ராத்திரி எட்டு மணி என்றால் நமக்குக் கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. வீட்டில் திட்டு விழத்தான் செய்யும்.

செத்த மொழியில் என்ன பேச்சு என்று கேட்கிறவர்களுக்கு வீராம்பட்டினத்தைக் காட்டுவேன். ஆடித் தேருக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறோமே, புதுச்சேரியை ஒட்டிய அதே மீனவ ஊர்தான். 1767-இல் பர்மியப் படை சயாமின் தலைநகர் அயுத்தயாவை அழித்தது. அங்கே பிரெஞ்சுப் பாதிரிமார் நடத்திவந்த குருமடம் நகர் விழுமுன்பே தப்பி, ஊர் ஊராக ஓடி, 1770-இல் வீராம்பட்டினத்தில் வந்து ஒதுங்கியது. 1782 வரை இங்கேதான் நடந்தது. மாணவர்கள் சீனர், வியட்நாமியர், சயாமியர். ஒருவன் வீட்டுப் பேச்சு அடுத்தவனுக்குப் புரியாது. வாத்தியார்களோ பிரெஞ்சுக்காரர்கள். பாடமும் பேச்சும் இலத்தீன். நம் கடற்கரையில் ஒரு சீனப் பையனும் வியட்நாமியப் பையனும் இலத்தீனில் சண்டை போட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குக் குஷியாக இருக்கிறது.

குருமடத்தை நடத்திய பிஞ்ஞோ தெ பெஹேன் சும்மா இருக்கவில்லை. 1772–73-இல் வியட்நாமியர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வியட்நாமிய–இலத்தீன் அகராதியைத் தொகுத்தார். அதை வைத்துத் தபேர் என்ற ஆயர் விரிவாக்கிய அகராதி 1838-இல் வங்காளத்துச் செராம்பூரில் அச்சானது. 1774-இல் பிஞ்ஞோவுக்கு மயிலாப்பூர் சாந்தோமில் ஆயர் பட்டம் கொடுத்தார்கள்.

அந்தக் குருமடத்தில் இலத்தீனுக்குச் சொந்தக்காரன் என்று ஒருவனும் கிடையாது. இன்றைய இணைய வட்டங்களிலும் அதுதான் எனக்குப் பிடித்தது. ஆங்கிலம் பேசினால் எதிரில் ஒருவன் அதன் சொந்தக்காரனாக உட்கார்ந்திருக்கிறான். நம் உச்சரிப்புக்கு உதட்டோரம் சிரிக்கிறான். இங்கே போலந்துக்காரரும் தடுமாறுகிறார், பிரேசில்காரரும் தடுமாறுகிறார், நானும் தடுமாறுகிறேன். சொல்லப்போனால் நமக்குக் கொஞ்சம் சலுகைகூட உண்டு. இலத்தீனில் குறில் நெடில் மாறினால் அர்த்தம் மாறிவிடும், ஒற்று இரட்டித்தாலும் மாறிவிடும். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள். வேற்றுமை உருபு என்றதும் அவர்களுக்கு வியர்க்கிறது. நாம் அதைப் பள்ளிக்கூடத்திலேயே பார்த்தவர்கள்.

என்னால் இன்னும் முடியாதது ஒன்றுதான். பழைய இலத்தீனில் மரியாதைப் பன்மை கிடையாது. எழுபது வயது ஜெர்மானியப் பேராசிரியரையும் ‘நீ’ என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் கவலைப்படவில்லை, எனக்குத்தான் நாக்கு எழவில்லை.

தொடங்க நினைப்பவர்கள் டென்மார்க்கின் ஹான்ஸ் ஓர்பெர்க் எழுதிய பாடப்புத்தகத்தை வாங்கலாம். முதல் பக்கத்திலிருந்தே முழுக்க இலத்தீன். மொழிபெயர்ப்பே இல்லாமல் புரியவைத்துவிடுகிறார். வட்டத்தில் சேர்ந்த புதிதில் வாயை மூடிக்கொண்டு கேட்டாலே போதும், யாரும் எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்க மாட்டார்கள். தமிழில் அர்த்தம் பார்த்தே ஆகவேண்டும் என்றால், 1846-இல் புதுச்சேரி மிஷன் அச்சகம் போட்ட இலத்தீன்–பிரெஞ்சு–தமிழ் அகராதி இருக்கிறது. அதில் கைபேசிக்கு வார்த்தை இருக்காது. ஏருக்கும் மாட்டுக்கும் மழைக்கும் இருக்கும். பாகூர்ப் பக்கத்துக்காரர்களுக்குப் பாதிப் பேச்சு அதிலேயே ஓடிவிடும்.