பெயருக்கு விலையா, நான்கு ஓவருக்கு விலையா?

எங்கள் நீலசந்திரா வீட்டில் ஐ.பி.எல். பருவம் வந்துவிட்டால் கூடம் இரண்டு கட்சியாகிவிடும். நானும் என் மனைவியும் சென்னைக் கட்சி. இங்கேயே பிறந்து வளர்ந்த மகனும் பேரனும் பெங்களூர்க் கட்சி. நம் சங்கத்து அன்பர்கள் பலர் வீட்டிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

2024 நவம்பரில் ஜெட்டா நகரில் வீரர்கள் ஏலம் நடந்தது. ரவிச்சந்திரன் அஸ்வினைச் சென்னை அணி 9 கோடியே 75 லட்சம் ரூபாய்க்கு எடுத்தபோது நான் கை தட்டினேன். 2015க்குப் பிறகு அவர் தாய்வீடு திரும்புகிறார் அல்லவா? பேரன் மட்டும் கேட்டான், "தாத்தா, அவருக்கு 38 வயசாச்சே, எதுக்கு இவ்வளவு பணம்?" என்று. "நம்ம ஊர்ப் பிள்ளைடா" என்றேன். மறுநாளே பெங்களூர் அணி 34 வயது புவனேஷ்வர் குமாரை 10 கோடியே 75 லட்சத்துக்கு எடுத்தது. அதே கேள்வியை நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன். "புதுப் பந்தை ஸ்விங் பண்ண எங்களுக்கு ஆள் இல்லை தாத்தா" என்றான்.

எது சரியான பதில் என்பதை 2025ஆம் ஆண்டு ஆட்டங்கள் காட்டிவிட்டன. அஸ்வின் 9 ஆட்டங்களில் 7 விக்கெட் எடுத்தார். சென்னை அணி தன் வரலாற்றிலேயே முதன்முறையாகக் கடைசி இடத்துக்குப் போயிற்று. புவனேஷ்வர் 17 விக்கெட் எடுத்தார். இறுதியாட்டத்தில் பஞ்சாப் அணியின் இரண்டு விக்கெட்டுகளை ஒரே ஓவரில் வீழ்த்தினார். பெங்களூர் அணி 18 ஆண்டுகள் காத்திருந்து முதன்முறையாகக் கோப்பையை வென்றது.

நாலு வயது வித்தியாசம்தானே காரணம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2009இல் நம் பெங்களூர் அணிக்காகக் கேப்டவுனில் ராஜஸ்தானுக்கு எதிராக 5 ரன் மட்டும் கொடுத்து 5 விக்கெட் எடுத்த அனில் கும்ப்ளேவுக்கு அப்போது வயது 38. டெஸ்ட் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்ற பின் செய்த சாதனை அது. அணியை இறுதியாட்டம் வரை அழைத்துச் சென்றதும் அவர்தான். 2018 இறுதியாட்டத்தில் சென்னைக்காக 117 ரன் அடித்த ஷேன் வாட்சனுக்கு வயது 36. ஆகவே வயதின் மீது மட்டும் பழி போடுவது நியாயமாகாது.

நான் ரயில்வேயில் பெட்டிகள் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றியவன். பெரம்பூர் வகைப் பெட்டிக்கு 25 ஆண்டு ஆயுள் என்று விதி உண்டு. அதற்காக 24ஆம் ஆண்டில் ஒரு பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கவும் மாட்டோம். புதுப் பெட்டி என்பதற்காகச் சோதிக்காமல் அனுப்பவும் மாட்டோம். அந்தக் காலத்தில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் நல்லது. மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிற்காலத்தில் அல்ட்ராசோனிக் கருவி வந்தது. கருவி மாறினாலும் கேள்வி ஒன்றுதான்: இந்தச் சக்கரம் இந்தப் பயணத்தைத் தாங்குமா?

மூத்த பந்து வீச்சாளரை வாங்கும் அணியும் இதையே கேட்க வேண்டும். இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் நான்கு ஓவருக்கு மேல் வீச முடியாது. அந்த நான்கு ஓவர் எப்போது, எந்த மைதானத்தில், எதற்காக? பெங்களூர் அணியிடம் பதில் இருந்தது: தொடக்கத்தில் புதுப் பந்து, முடிவில் கடைசி ஓவர்கள். சென்னையிடம் ஏற்கெனவே ஜடேஜா இருந்தார். அதே ஏலத்தில் 10 கோடிக்கு வாங்கிய நூர் அகமது இருந்தார். இருபது வயதுப் பிள்ளையான அவர் அந்த ஆண்டு 24 விக்கெட் எடுத்தார். மூன்றாவது சுழற்பந்து வீச்சாளருக்கு என்ன வேலை என்று முன்கூட்டியே யோசித்ததாகத் தெரியவில்லை. சேப்பாக்கத்திலேயே தொடர்ந்து 5 ஆட்டங்களில் அணி தோற்றது.

இதில் அஸ்வினுக்குக் குறைவேதும் இல்லை. 106 டெஸ்டில் 537 விக்கெட் எடுத்தவர் அவர். 2025 ஆகஸ்டில் ஐ.பி.எல்.லிலிருந்தும் தாமே கௌரவமாக விலகிக்கொண்டார். தவறு, அவருடைய பழைய கணக்கைப் பார்த்து விலை போட்டவர்களுடையது. கை தட்டிய என் போன்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஓய்வுக்குப் பின் ஒரு தனியார் நிறுவனம் என்னை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. அந்த ஓராண்டு எனக்குத் தெளிவான வேலை இருந்தது, உருப்படியாகவும் செய்தேன். இன்னும் ஓராண்டு நீட்டிக்கும்படி நானே கேட்டேன், கொடுத்தார்கள். இரண்டாம் ஆண்டில் நான் செய்ததெல்லாம் கையெழுத்துப் போட்டதும் பழைய கதை பேசியதும்தான். என் பக்கத்து மேசையில் ஒரு டிப்ளமோ பையன் இருந்தான். என் இடம் தனக்கு வரும் என்று காத்திருந்து, வராததால் வேலையை விட்டுப் போய்விட்டான். போகும்போதும், "போய்ட்டு வரேன் சார்" என்று மரியாதையாகத்தான் சொன்னான். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

2025 டிசம்பர் ஏலத்தில் சென்னை அணி எதிர்த்திசையில் ஓடியது. இந்திய அணிக்கு ஆடாத இரண்டு இளைஞர்களுக்குத் தலா 14 கோடியே 20 லட்சம் கொடுத்தது. அவர்கள் நன்றாக ஆடட்டும் என்று வாழ்த்துகிறேன். ஆனால் சூடு பட்டதால் வயதைப் பார்த்தே ஆளைத் தள்ளும் பழக்கம் வந்துவிடக் கூடாது.

என் தாழ்மையான கருத்து இதுதான். மூத்த பந்து வீச்சாளரைத் தாராளமாக எடுங்கள். ஓராண்டுக்கு எடுங்கள். வேலையைச் சொல்லி எடுங்கள். கற்றுக்கொள்ள ஓர் இளையவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஆண்டு முடிந்ததும் மறுபடி தட்டிப் பாருங்கள். ஓசை மந்தமானால் நன்றி சொல்லி மாலை போட்டு அனுப்புங்கள்.

அடுத்த ஏலத்தின்போது பேரன் அதே கேள்வியைக் கேட்டால், "நம்ம ஊர்ப் பிள்ளை" என்று சொல்ல மாட்டேன். மனதுக்குள் வேண்டுமானால் சொல்லிக்கொள்வேன்.